ரேடியோ இணைப்பின் தூரத்தையும் வேகத்தையும் சோதிப்பது எப்படி?

ரேடியோ மாட்யூல் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி நடப்போம். விளக்கு மின்னுவது எங்கே நிற்கிறதோ அங்கேயே நின்று, "இருநூறு மீட்டர் போகுது" என்று தீர்மானித்துவிடுவோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மறுநாள் அதே மாட்யூல் நூறு மீட்டரிலேயே திணறியது. பழுது எதுவும் இல்லை. முந்தின நாள் ஆன்டெனாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன், மறுநாள் சட்டைப் பையில் போட்டிருந்தேன். அவ்வளவுதான்.

"ரேஞ்ச் எவ்வளவு?" என்ற கேள்விக்கு மீட்டரில் மட்டும் பதில் சொல்லிவிட முடியாது. எத்தனை பைட் பாக்கெட் (ஒரே தடவையில் அனுப்பும் தகவல் பொட்டலம்), எந்த வேகத்தில் அனுப்பியது, நூற்றுக்கு எத்தனை வந்து சேர்ந்தது, ஆன்டெனா எந்த உயரத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கேட்பவருக்குப் பயன்படும். தூரமும் வேகமும் ஒரே பானைச் சோற்றைப் பங்குபோடும் இரண்டு பேர் மாதிரி. ஒருவருக்குக் கூட வைத்தால் மற்றவருக்குக் குறையும். அதனால் இரண்டையும் ஒரே சோதனையில் அளந்து, ஒரே நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

கிளம்புவதற்கு முன் ஒரு கணக்கு

ரேடியோ சக்தியை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள். 1 மில்லிவாட் என்பது 0 டிபிஎம். சக்தி பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் 10 கூடும். 10 மில்லிவாட் 10 டிபிஎம், 100 மில்லிவாட் 20 டிபிஎம். இரட்டிப்பானால் ஏறக்குறைய 3 கூடும். இந்தக் கூடுதலையும் குறைவையும் டெசிபல் என்பார்கள். ரிசீவர் பக்கத்தில் எண்கள் மைனஸில் இருக்கும். −60 என்றால் பலமான சிக்னல், −120 என்றால் வெறும் முனகல்.

868 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் ஒரு லோரா மாட்யூலை (மெதுவாக, ஆனால் தொலைதூரத்துக்கு அனுப்பும் வகை) எடுத்துக்கொள்வோம். அனுப்பும் சக்தி 14 டிபிஎம். இரண்டு பக்கமும் ஆன்டெனா ஆளுக்கு 2 டெசிபல் கூட்டித் தருகிறது. அதிலுள்ள எஸ்எக்ஸ்1276 சிப், ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் 7-இல் (இந்த எண்ணைக் கூட்டினால் வேகம் குறையும், கேட்கும் திறன் கூடும்), 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், சுமார் −123 டிபிஎம் வரை காது கொடுத்துக் கேட்கும். 14 + 2 + 2 + 123 = 141. அதாவது வழியில் 141 டெசிபல் வரை தொலைத்தாலும் பாக்கெட் போய்ச் சேரும்.

தடையே இல்லாத வெறும் வெளியில் இந்த அலை முதல் 1 கிலோமீட்டரில் 91 டெசிபல் இழக்கும். அதன்பின் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் போகும். கையில் மீதி இருக்கும் 50 டெசிபலையும் இப்படியே செலவழித்தால் 300 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது! விளம்பரங்களில் வரும் பிரமாதமான எண்கள் பெரும்பாலும் இந்த மாதிரிக் கணக்கில் பிறந்தவைதான்.

தரையில் நிற்கும் நமக்கு அந்தக் கணக்கு செல்லாது. நேராக வரும் அலையும், தரையில் பட்டுத் தெறித்து வரும் அலையும் ரிசீவரில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளப் பார்க்கும். ஒரு எல்லைக்கு அப்பால் தூரம் இரட்டிப்பானால் 6 அல்ல, 12 டெசிபல் போகும். இரண்டு ஆன்டெனாக்களும் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த எல்லை 868 மெகாஹெர்ட்ஸில் 26 மீட்டரிலேயே வந்துவிடுகிறது; 2.4 கிகாஹெர்ட்ஸில் 72 மீட்டரில். இப்படிப் பார்த்தால் நம்முடைய 141 டெசிபல் 5 கிலோமீட்டரில் தீர்ந்துபோகும். மரம், சுவர், குறுக்கே போகும் வண்டி என்று 20 டெசிபலை ஒதுக்கிவைத்தால் 1.6 கிலோமீட்டர். 300 எங்கே, 1.6 எங்கே!

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. ஒரு பக்கத்து ஆன்டெனாவின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல் லாபம். அதே 6 டெசிபலைச் சக்தியைக் கூட்டிப் பெறவேண்டுமானால் நான்கு மடங்கு சக்தி வேண்டும். ரேஞ்ச் போதவில்லை என்றதும் பெரிய பவர் மாட்யூலைத் தேடுகிறவர்கள், முதலில் ஒரு நீளக் கம்பைத் தேடலாம்.

கணக்கு முடிந்ததும், நீங்கள் இருக்கும் நாட்டில் அந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தி, எவ்வளவு நேரம் அனுப்பலாம் என்ற விதியைப் பார்த்துவிடுங்கள். மாட்யூல் போகும் இடமெல்லாம் போக அனுமதி உண்டு என்று நினைக்கக்கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ சிப்பான என்ஆர்எஃப்24, 2525 மெகாஹெர்ட்ஸ் வரை திருப்பினால் திரும்பும். ஆனால் பொதுப் பயன்பாட்டுக்கான 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2483.5-லேயே முடிந்துவிடுகிறது.

சோதனைக்கென்று தனிக் கோட்

உங்கள் ப்ராஜெக்ட்டின் கோடையே வைத்துச் சோதிக்காதீர்கள். சென்சார் படிப்பது, திரையில் எழுதுவது என்று பத்து வேலை அதில் இருக்கும். எது தாமதம், எது இழப்பு என்று பிரிக்க முடியாது. சோதனைக்கென்று சின்னதாக ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்.

அனுப்பும் பக்கம் செய்யவேண்டியது ரொம்பச் சுலபம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒன்று ஒன்றாகக் கூடிக்கொண்டே போகும் வரிசை எண்ணைப் போடவேண்டும். பாக்கெட்டின் அளவு மாறக்கூடாது. மீதி இடத்தை நிஜத்தில் அனுப்பப்போகும் அளவுக்கு ஏதாவது பைட்டுகளால் நிரப்பிவிடுங்கள். 4 பைட் பாக்கெட்டை வைத்துச் சோதித்துவிட்டு, நிஜத்தில் 200 பைட் அனுப்பினால் கதை வேறாகிவிடும். பாக்கெட் நீளமாக நீளமாக, நடுவில் ஏதாவது ஒரு பிட் கெட்டு முழுப் பாக்கெட்டும் வீணாகும் வாய்ப்பும் கூடும்.

வாங்கும் பக்கம் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டால் போதும். வந்த நேரம், வரிசை எண், சிக்னல் பலம், சத்தத்துக்கு (எப்போதும் இருக்கும் ரேடியோ இரைச்சலுக்கு) மேலே சிக்னல் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்ற அளவு. கடைசி இரண்டையும் சிப் கொடுத்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். லோரா இரண்டையும் கொடுக்கும். என்ஆர்எஃப்24 கொடுக்காது, −64 டிபிஎம்முக்கு மேல் ஏதோ கேட்டதா இல்லையா என்று ஒரே ஒரு பிட்டில் சொல்லும், அவ்வளவுதான். அதில் பாக்கெட்டை எண்ணுவது தவிர வேறு வழி இல்லை.

இழப்பை வரிசை எண்ணை வைத்துத்தான் கணக்கிடவேண்டும். முதலில் வந்தது 41, கடைசியில் வந்தது 1040 என்றால் அனுப்பியது 1000. அதில் 962 கைக்கு வந்திருந்தால் இழப்பு 3.8 சதவீதம். "நிமிடத்துக்கு 60 அனுப்புகிறேன், 10 நிமிடம் நின்றேன், அதனால் 600" என்ற கணக்கு வேண்டாம். இரண்டு பக்கத்துக் கடிகாரமும் ஒத்துப்போகாது. ஒரு ஓட்டை மட்டும் கவனியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் காணாமல்போன பாக்கெட்டுகள் இந்தக் கணக்கில் விழாது. அதற்காக நான் அனுப்பும் பக்கத்தில் சரியாக 1000 அனுப்பியதும் நிற்கும்படி எழுதிவிடுவேன்.

இந்தச் சோதனையில் "கிடைத்தது" என்று பதில் அனுப்பும் வசதியையும், தானாகத் திரும்ப அனுப்பும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். என்ஆர்எஃப்24 ஒரே பாக்கெட்டை 15 முறை வரை சத்தமில்லாமல் திரும்ப அனுப்பும். மூன்றில் இரண்டு தொலைந்தாலும் உங்கள் திரையில் இழப்பு பூஜ்யம் என்றே இருக்கும். இன்னும் பத்து மீட்டர் நடந்தால் திடீரென்று எல்லாம் நின்றுவிடும். நல்ல இணைப்பு ஒரு நொடியில் செத்துவிட்டது என்று தோன்றும். அது அரை மணி நேரமாகவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, நாம்தான் பார்க்கவில்லை.

எத்தனை பாக்கெட் அனுப்பினால் போதும்? 100 அனுப்பி 100-ம் வந்தால் மனசு குளிர்ந்துபோகும். ஆனால் அதை வைத்து 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிவது "இழப்பு 3 சதவீதத்துக்குள்" என்பது மட்டுமே. 1000 அனுப்பி எல்லாம் வந்தால் 0.3 சதவீதத்துக்குள். மூன்றைப் பாக்கெட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் இது, மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

முதலில் மேசைமேல்

வெளியே போவதற்கு முன் வீட்டுக்குள்ளேயே ஒரு சோதனை. இரண்டையும் மூன்று, நான்கு மீட்டர் தள்ளி வையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைக்கக்கூடாது. காதுக்குள் கத்தினால் பேச்சுப் புரியாது இல்லையா, ரிசீவரும் அப்படித்தான். பத்து சென்டிமீட்டரில் பாக்கெட் தொலைகிறது என்று மாட்யூலைக் குறை சொன்னவர்களை எனக்குத் தெரியும். ஆன்டெனா மாட்டாமல் அனுப்பவும் கூடாது. பவர் கூடிய மாட்யூல்களில் போன சக்தி திரும்பி வந்து வெளியீட்டுப் பகுதியைச் சுட்டுவிடலாம்.

இந்தத் தூரத்தில் 1000 பாக்கெட்டும் வரவேண்டும். வராவிட்டால் ரேடியோவைச் சந்தேகப்படுவதற்கு முன் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள். அனுப்பும் நொடியில் மாட்யூல் திடீரென்று அதிக மின்சாரத்தை இழுக்கும், வோல்டேஜ் சரியும், பாக்கெட் பாதியிலேயே போய்விடும். மெல்லிய நீள ஒயர், தொளதொளத்த பிரெட்போர்டு, வோல்டேஜ் நிலையாக நிற்காத சார்ஜர் எல்லாம் இதில் கூட்டு. மாட்யூலின் கால்களிலேயே, பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 முதல் 100 மைக்ரோஃபாரட் வரை ஒரு கெப்பாசிட்டர் வைத்தாலே பாதி வியாதி குணமாகிவிடும். நான் ஒருமுறை இரண்டு நாள் ஆன்டெனாவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் யுஎஸ்பி ஒயரை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது.

அலைவரிசையில் வேறு யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் வைஃபை சேனல் 1, 6, 11 மூன்றும் இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கும். சேனல் 11-இன் மேல் விளிம்பு 2473 மெகாஹெர்ட்ஸை ஒட்டி முடிகிறது. என்ஆர்எஃப்24-ஐ 76-ஆவது சேனலில், அதாவது 2476-இல் வைத்தால், அந்த மூன்றுக்கும் வெளியே, பட்டையின் எல்லைக்கு உள்ளே இருக்கலாம்.

வெளியே போகும்போது

இரண்டு பேர் வேண்டும். தனியாகவும் செய்யலாம், ஆனால் ஓடி ஓடிக் கால் வலிக்கும். ஒருவர் நிலையான பக்கத்தில், மற்றவர் நடமாடும் பக்கத்தில். ஆன்டெனாவைக் கையில் பிடிக்காதீர்கள். ஒரு மரக்கம்பிலோ பிளாஸ்டிக் குழாயிலோ கட்டி, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிறுத்துங்கள். இரண்டும் ஒரே திசையில் செங்குத்தாக நிற்கவேண்டும். ஒன்று நின்று, ஒன்று படுத்திருந்தால் 20 டெசிபல்கூடப் போகலாம். குச்சி ஆன்டெனாவின் நுனியை எதிர்ப்பக்கம் நோக்கி நீட்டுவது அதைவிட மோசம். துப்பாக்கி மாதிரி குறிபார்த்தால் நன்றாகப் போகும் என்று நினைப்போம். நுனித் திசையில்தான் அது மிகக் குறைவாக அனுப்பும்.

மனித உடம்பு என்ன செய்யும் என்பதை நான் கற்றுக்கொண்டது இப்படி. நண்பன் நானூறு மீட்டர் தள்ளி நின்றுகொண்டிருந்தான். என் திரையில் −88 என்று வந்துகொண்டிருந்த சிக்னல் சட்டென்று −101-க்கு விழுந்தது. போன் போட்டேன்.

"டேய், ஏதாவது மாத்தினியா?"

"ஒண்ணும் தொடலடா. வெயில் மூஞ்சில அடிக்குது, அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன்."

மாட்யூல் அவன் மார்போடு இருந்தது. அவன் முதுகு எனக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே வந்துவிட்டது. 13 டெசிபல். மேலே போட்ட கணக்குப்படி அது தூரத்தையே பாதியாக்கிவிடும் அளவு. நமக்கு உடம்பு, 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அது ஒரு தண்ணீர் மூட்டை.

வழியில் எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். அலை கயிறு மாதிரி போவதில்லை, நடுவில் பருத்த வெள்ளரிக்காய் மாதிரி இடம் எடுத்துக்கொண்டு போகும். 1 கிலோமீட்டர் இணைப்பின் நடுவில் அந்தப் பருமனின் ஆரம் 2.4 கிகாஹெர்ட்ஸில் 5.6 மீட்டர், 868 மெகாஹெர்ட்ஸில் 9.3 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது தடையில்லாமல் இருந்தால்தான் திறந்த வெளி என்று சொல்லலாம். ஆள் உயரத்தில் வைத்துவிட்டு ஒரு கிலோமீட்டருக்கு "நேர்ப்பார்வை" என்று எழுதிக்கொண்டால், தரையே அந்த வெள்ளரிக்காயைப் பாதி தின்றிருக்கும்.

நிற்கும் இடங்களைச் சம இடைவெளியில் வைக்காமல் இரட்டித்து இரட்டித்து வையுங்கள்: 25, 50, 100, 200, 400, 800 மீட்டர். ஒவ்வொரு தாவலிலும் எத்தனை டெசிபல் போகிறது என்று பார்த்தாலே கதை புரிந்துவிடும். 6-ஐ ஒட்டி வந்தால் திறந்த வெளி மாதிரி நடக்கிறது. 12-ஐ ஒட்டி வந்தால் தரை வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது. 20 என்று வந்தால் நடுவில் ஏதோ குறுக்கே நிற்கிறது; தலை நிமிர்ந்து பாருங்கள். தூரத்தை போனின் ஜிபிஎஸ்ஸில் அளக்கலாம். திறந்த இடத்தில் சில மீட்டர் பிழை வரும், 400 மீட்டருக்கு அது பொருட்டில்லை, 25 மீட்டருக்குப் பொருட்டு. கிட்டத்துத் தூரங்களை டேப்பால் அளந்துவிடுங்கள்.

ஒரே இடத்தில் ஒருமுறை அளந்துவிட்டு நகராதீர்கள். தெறித்து வரும் அலைகள் சில இடங்களில் கூடிக்கொள்ளும், சில இடங்களில் அழித்துக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர்தான், ஒரு சாண் தள்ளி வைத்தாலே அளவு தலைகீழாகலாம். ஒவ்வொரு இடத்திலும் ஆன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி மூன்று முறை ஓட்டி, மூன்றையும் எழுதுங்கள். நன்றாக வந்ததை மட்டும் எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். மோசமாக வந்ததுதான் பின்னால் உதவும்.

அப்புறம், திசையை மாற்றியும் ஒருமுறை. இங்கிருந்து அங்கே போவது, அங்கிருந்து இங்கே வராமல் போகலாம். அலை போகும் வழி ஒன்றுதான், ஆனால் இரண்டு முனையின் சத்தம் ஒன்றில்லை. ஒரு முனை லேப்டாப்புக்கும் சார்ஜருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தால் அதன் காது மந்தமாகிவிடும்.

சிக்னல் பலம் சொல்லும் பொய்

எல்லைக்குக் கிட்டே போகும்போது ஒரு வினோதம் நடக்கும். தூரம் கூடிக்கொண்டே போகும், சராசரி சிக்னல் பலம் மட்டும் ஒரு எண்ணில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இறங்காது. நான் முதன்முதலில் பார்த்தபோது சிப் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். விஷயம் வேறு. பலம் எழுதப்படுவது வந்து சேர்ந்த பாக்கெட்டுகளுக்கு மட்டும்தானே? பலவீனமானவை வரவே இல்லை, அதனால் கணக்கிலும் இல்லை. தேர்வில் தோற்றவர்களை விட்டுவிட்டு வகுப்புச் சராசரி பார்ப்பது மாதிரி. ஆகவே இழப்பு 10 சதவீதத்தைத் தாண்டியபின் சராசரிப் பலத்தை நம்பாதீர்கள். இழப்பு சதவீதத்தையே பாருங்கள்.

லோராவில் சிக்னல் சத்தத்துக்குக் கீழே இருந்தாலும் படிக்கும். ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் 7-இல் −7.5 டெசிபல் வரை, 12-இல் −20 டெசிபல் வரை. மைனஸ் எண்ணைப் பார்த்துப் பயப்படவேண்டாம். அந்த எல்லைக்கு இன்னும் எத்தனை டெசிபல் மீதி என்பதைத்தான் எழுதவேண்டும்.

வேகத்தை அளப்பது

பெட்டியில் போட்டிருக்கும் வேகம், ஆன்டெனாவிலிருந்து பிட்டுகள் கிளம்பும் வேகம். உங்கள் தகவல் போய்ச் சேரும் வேகம், அதாவது த்ரூபுட், வேறு. எவ்வளவு வேறு என்பதை என்ஆர்எஃப்24-ஐ வைத்தே பார்த்துவிடலாம்.

வேகம் 2 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். 32 பைட் தகவலோடு முகவரி, சரிபார்ப்பு எல்லாம் சேர்த்து 329 பிட் காற்றில் போகிறது; அதற்கு 164.5 மைக்ரோ நொடி. ஆனால் அனுப்பத் தயாராக 130 மைக்ரோ நொடி, அனுப்பியபின் கேட்கத் திரும்ப இன்னொரு 130, பதில் வந்து சேர 36.5. சிப்புக்குள் தகவலை ஏற்ற 8 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐ ஒயர் இணைப்பில் 33, முடிந்தது என்று சொல்ல 6. மொத்தம் 500 மைக்ரோ நொடி. 256 பிட்டுக்கு 500 மைக்ரோ நொடி என்றால் நொடிக்கு 512 கிலோபிட். 2 மெகாபிட்டில் கால்வாசி! பாக்கி முக்கால்வாசி தயாராவதிலும் திரும்புவதிலும் பதில் கேட்பதிலும் போய்விடுகிறது.

அதே சிப்பை 250 கிலோபிட்டில் வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 134 கிலோபிட் வரும். காற்றில் வேகம் எட்டில் ஒன்றாகக் குறைந்தும், கைக்கு வருவது நாலில் ஒன்றாகத்தான் குறைகிறது. பதிலுக்கு என்ன கிடைக்கிறது? ரிசீவரின் கேட்கும் திறன் −82-இலிருந்து −94 டிபிஎம்முக்கு இறங்குகிறது. 12 டெசிபல் லாபம், தரையோரக் கணக்கில் இரட்டிப்புத் தூரம். இந்த மாதிரி வியாபாரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தபின் நான் 2 மெகாபிட்டைத் தொடுவதே அபூர்வம். ஒன்று மட்டும்: 250 கிலோபிட்டில் திரும்ப அனுப்பும் இடைவெளியை 500 மைக்ரோ நொடிக்குக் குறையாமல் வைக்கவேண்டும். ஆரம்பத்தில் அது 250-இல் இருக்கும். மாற்றாவிட்டால் பதில் வந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு முறை அனுப்பத் தொடங்கிவிடும்.

லோராவில் இந்த வித்தியாசம் இன்னும் பெரியது. 20 பைட் பாக்கெட், 125 கிலோஹெர்ட்ஸ். ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் 7-இல் காற்றில் இருக்கும் நேரம் 56.6 மில்லி நொடி. 12-இல் 1.32 நொடி. அதே 20 பைட்! 1000 பாக்கெட் சோதனை முதலாவதில் ஒரு நிமிடத்துக்குள் முடியும், இரண்டாவதில் 22 நிமிடம் ஓடும். நேரத்தில் 1 சதவீதம்தான் அனுப்பலாம் என்ற விதி உள்ள அலைவரிசையானால் அந்த 22 நிமிடம் 36 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அந்த நிலையில் 100 பாக்கெட்டோடு திருப்திப்படுங்கள், ஆனால் 100 என்று எழுதிவையுங்கள்.

அளக்கும் முறை இதுதான். முன்பு அணைத்த பதில் வசதியையும் திரும்ப அனுப்பும் வசதியையும் இப்போது போட்டுவிடுங்கள், ஏனென்றால் நிஜத்தில் அவற்றோடுதான் ஓட்டப்போகிறீர்கள். இடைவெளி இல்லாமல் அனுப்பச் சொல்லுங்கள். வாங்கும் பக்கத்தில், புதிதாக வந்த தகவல் பைட்டுகளை மட்டும் 30 நொடிக்கு எண்ணி, எட்டால் பெருக்கி, முப்பதால் வகுங்கள். ஒரே எண் இரண்டுமுறை வந்தால் ஒருமுறைதான் எண்ணவேண்டும். பிட்டா பைட்டா என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எட்டு மடங்குத் தவறுக்கு வேறு எதிரி வேண்டாம்.

இதில் நான் விழுந்த குழி ஒன்று உண்டு. முதல் சோதனையில் எவ்வளவு முயன்றும் 90 கிலோபிட்டைத் தாண்டவில்லை. ஐந்து மீட்டரிலும் 90, ஐம்பது மீட்டரிலும் 90. தூரத்தோடு மாறாத வேகம் ரேடியோவின் வேகமாக இருக்க வாய்ப்பில்லை என்று அப்போதே மண்டையில் உறைத்திருக்கவேண்டும். வந்த ஒவ்வொரு பைட்டையும் கணினியில் எழுத்தாகக் காட்டும் சீரியல் மானிட்டருக்கு நொடிக்கு 115200 பிட் வேகத்தில் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு பைட்டுக்குப் பத்து பிட் செலவு. ஆகவே அந்த ஒயர் நொடிக்கு 11,520 பைட்டுக்கு மேல் தாங்காது. அது 92 கிலோபிட். நான் அளந்தது யுஎஸ்பி ஒயரை! எண்ணுவதை மட்டும் செய்து, நொடிக்கு ஒருமுறை ஒரே வரி எழுதும்படி மாற்றினேன்.

வைஃபை இணைப்பாக இருந்தால் கோட் எழுதவேண்டியதில்லை. ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு கணினியில் சர்வராக ஓட்டுங்கள், இன்னொன்றிலிருந்து அதை நோக்கி ஓட்டுங்கள். சர்வர் கணினி ரௌட்டரோடு ஒயரில் இணைந்திருக்கட்டும். இரண்டுமே அதே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்து, வேகம் பாதியாகத் தெரியும். சும்மா விட்டால் 10 நொடிதான் ஓடும்; 60 நொடி ஓடச் சொல்லி, முதல் சில நொடிகளை ஒதுக்கிவிடுங்கள். யுடிபி முறையில் (தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத முறை) ஓட்டும்போது வேகத்தை நீங்களே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் 1 மெகாபிட் மட்டுமே அனுப்பிவிட்டு "இழப்பு பூஜ்யம்" என்று சிரிக்கும். திசையைத் திருப்பும் வசதியும் அதிலேயே உண்டு, இரண்டு பக்கமும் பாருங்கள். கணினி மூலையில் காட்டும் இணைப்பு வேகத்தில் ஏறக்குறைய பாதி கிடைத்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நோட்டும் திரும்பி வருவதும்

நான் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி எழுதுவேன். தேதி, நேரம், தூரம், இரண்டு பக்கத்து உயரம், ஆன்டெனா வகை, சக்தி, வேக அமைப்பு, பாக்கெட் அளவு, அனுப்பியது, வந்தது, சிக்னல் பலம், த்ரூபுட், பேட்டரி வோல்டேஜ். கடைசியில் ஒரு கட்டம் காலியாக விட்டு, "லாரி குறுக்கே நின்றது", "தூறல்", "புல் ஈரம்" என்று கண்ணில் பட்டதை எழுதுவேன். வீட்டுக்கு வந்து வரைபடம் போடும்போது ஒரு புள்ளி மட்டும் பள்ளத்தில் கிடந்தால், காரணம் பெரும்பாலும் அந்தக் காலிக் கட்டத்தில்தான் இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். ஆன்டெனாவையும் மாற்றி, உயரத்தையும் மாற்றி, ரேஞ்ச் கூடியது என்று வைத்துக்கொள்வோம். எதற்கு நன்றி சொல்வீர்கள்?

கடைசித் தூரத்தில் அளந்து முடித்ததும் மூட்டை கட்டாதீர்கள். முதலில் நின்ற 25 மீட்டர் இடத்துக்கே திரும்பி வந்து, அதே அமைப்பில் இன்னொரு 1000 பாக்கெட் ஓட்டுங்கள். காலையில் எடுத்த எண்ணும் இதுவும் இரண்டு, மூன்று டெசிபலுக்குள் ஒத்துப்போனால் நடுவில் எடுத்தவையும் நிற்கும். ஒத்துப்போகாவிட்டால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது ஆன்டெனாவின் திருகு தளர்ந்திருக்கும். திருகை இறுக்கி, பேட்டரியை மாற்றி, மறுபடி நடங்கள்.